கட்டணக் கடிதமும் மூன்று ஊசிகளும்

எங்கள் தெருவில் யாருக்கு ஆங்கிலத்தில் கடிதம் வந்தாலும் என்னிடம் கொண்டுவந்து விடுவார்கள். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். ஆங்கிலம் எனக்கு ஆபீஸ் கோப்புகள் கற்றுக்கொடுத்தது. இருந்தாலும், பழைய குமாஸ்தா சின்ன எழுத்தையும் விடமாட்டார் என்று ஒரு நம்பிக்கை.

போன ஆடியில் வந்தது பிசியோதெரபி படிப்புக்கான சேர்க்கைக் கடிதம். அப்பா சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளி. பாட்டி பக்கவாதத்தில் விழுந்தபோது, வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுத்த ஒரு பையன் மூன்று மாதத்தில் அவரை வாசல்வரை நடக்க வைத்தான். அதைப் பார்த்த பெண்ணுக்கு வேறு படிப்பு பிடிக்கவில்லை. தமிழ்நாட்டுக் கலந்தாய்வில் இடம் கிடைக்காததால், ஓசூர்க்காரர்கள் எல்லோரும் செய்வதைச் செய்தார்கள்: பெங்களூர் பஸ் ஏறினார்கள். ஆனால் நம் மாநிலத்துக் கட்டணச் சலுகைகள் அத்திப்பள்ளியோடு இறங்கிக்கொள்ளும்.

கடிதத்தில் முதல் வருடக் கட்டணம் மட்டும் தடித்த எழுத்தில் இருந்தது. "நாலால பெருக்கிட்டேன் சார், எப்படியாவது கட்டிடலாம்" என்றார் அப்பா. நாலால் பெருக்கினால் போதாது. நான்கு வருடப் படிப்புக்குப் பிறகு ஆறு மாதம் மருத்துவமனைப் பயிற்சி என்றிருந்ததை, 2021ல் வந்த தேசிய ஆணையச் சட்டத்தின்படி அமைந்த புதிய பாடத்திட்டம் ஒரு வருடமாக்கிவிட்டது. அந்த வருடத்துக்கும் கட்டணம் உண்டா, விடுதி உண்டா, உதவித்தொகை உண்டா? கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. எழுத்தில் கேளுங்கள் என்றேன்.

கீழே பொடி எழுத்தில் தேர்வு, சீருடை, ஆய்வகம் என்று ஒரு வால். அதில் தடுப்பூசிக்கென்று ஒரு தொகை. மருந்துக்கடையில் விசாரித்தால் மூன்று ஊசிக்கும் அதில் கால்வாசிகூட ஆகாது. ஒரு காலத்தில் ஹெபடைடிஸ் பி ஊசி இறக்குமதிச் சரக்கு, சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாத விலை. 1997ல் ஹைதராபாத் சாந்தா பயோடெக்னிக்ஸ் உள்நாட்டிலேயே தயாரித்த பிறகுதான் விலை சரிந்தது. (பின்னாளில் அந்தக் கம்பெனியை வாங்கியது பிரெஞ்சுக்காரர்கள்.) அரசு மருத்துவர் கையெழுத்திட்ட சான்றிதழ் தந்தால் அந்தத் தொகையை நீக்குவீர்களா என்று கல்லூரிக்கு எழுதிக் கொடுத்தேன். நீக்கினார்கள்.

ஊசி தேவையா என்று அம்மாவுக்குச் சந்தேகம். "கை காலைப் பிடிச்சு விடுற வேலைதானே?" அப்படியில்லை. படுக்கைப் புண், அறுவைக் காயம் உள்ளவரைத் தொட்டுத் தூக்க வேண்டும். தீவிர சிகிச்சைப் பிரிவில் சளியை வெளியேற்ற வைப்பதும் இவர்கள் வேலைதான். ஹெபடைடிஸ் பி ரத்தத்தின் வழியே வருவது. இந்த ஊசி 2011 வாக்கில்தான் நாடு முழுவதும் குழந்தைகளின் அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது. அதற்கு முன் பிறந்தவர்களில் சிலருக்குப் போட்டிருப்பார்கள், சிலருக்கு இல்லை. இவளுடைய பழைய அட்டையில் அந்தக் கட்டம் காலி.

பணத்தையாவது கடன் வாங்கலாம், இந்த ஊசியை அவசரப்படுத்த முடியாது. முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாம் மாதம் மூன்றாவது. அதற்கும் ஒன்றிரண்டு மாதம் கழித்து ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி பார்க்க வேண்டும். அளவு பத்துக்குக் குறையக்கூடாது. கடிதத்தில் 'டைட்டர்' என்று போட்டிருந்தார்கள். எங்கள் பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்குத் தலைப்பு, பத்திரம் என்றெல்லாம் பொருள். இங்கே ரத்தமே பத்திரம் காட்ட வேண்டியிருக்கிறது!

பேரப்பிள்ளைகளை இந்தப் படிப்புக்கு அனுப்பும் நண்பர்கள், பிளஸ் டூ தேர்வு முடிந்த வாரமே டாக்டரைக் கேட்டு முதல் ஊசியைப் போட்டுவிடுங்கள். கல்லூரி கேட்கும்வரை காத்திருந்தால், வார்டுக்குள் போகும் நாளில் பாதி ஊசிதான் முடிந்திருக்கும்.

இவளுக்கு ஆகஸ்டில் ஒன்று, செப்டம்பரில் ஒன்று போட்டாயிற்று. மூன்றாவது பிப்ரவரியில். பயிற்சி வருடத்துக்குக் கட்டணம் உண்டா என்று கேட்டதற்கு மட்டும் கல்லூரியிலிருந்து இன்னும் பதில் இல்லை. இரண்டாவது நினைவூட்டல் எழுதி வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை அப்பா கையெழுத்துப் போட்டதும் தபாலில் போகும்.