தகரக் கூரையின் கீழ் ஓர் ஒலிபெருக்கி



சயான் நிலையத்தில் இறங்கி, தாராவியின் தொண்ணூறு அடிச் சாலையில் ஒரு ஞாயிறு காலை நடந்து பாருங்கள். நெல்லைச் சீமையிலிருந்து வந்து குடியேறியோரின் சந்துகளுக்குள் நுழைந்தால், ஏதேனும் ஒரு மாடியறையிலிருந்து ஆராதனையின் ஓசை உங்களை எதிர்கொள்ளும். ஓசை கேட்கும், பிரசங்கத்தின் வார்த்தை விளங்காது. சந்தில் நிற்கும் உங்களுக்கு மட்டுமல்ல, உள்ளே கடைசிப் பாயில் அமர்ந்திருக்கும் வயதான தாயாருக்கும் விளங்காது.

நான் அறிந்த ஒரு சபையார், ஊர் கன்வென்ஷன் மேடையை நினைவில் வைத்து, பல மாதக் காணிக்கையைத் திரட்டிப் பதினைந்து அங்குல ஸ்பீக்கர் பெட்டிகள் இரண்டை வாங்கினர். அறையோ முப்பது அடி நீளம். மேலே தகரம், சுற்றிலும் சிமெண்டுச் சுவர். முதல் ஆராதனையிலேயே மைக் ஊளையிட்டது. இரவு வேலை முடித்து உறங்கிக்கொண்டிருந்த அடுத்த வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார். அவர் சண்டையிடவில்லை, கைகூப்பி நின்றார். அதுதான் போதகரை வாட்டியது.

சத்தம் போதாமையால் வார்த்தை மங்குவதில்லை. தகரத்திலும் சுவரிலும் மோதித் திரும்பும் ஒலி, அடுத்து வரும் சொல்லின்மேல் விழுந்து அதை மூடிவிடுகிறது. சத்தத்தைக் கூட்டினால் எதிரொலியும் உடன் கூடும். கடையில் 250 வாட்டுக்குப் பதில் 500 வாட் என்று ஆசை காட்டுவார்கள். கிடைப்பது 3 டெசிபல் மட்டுமே. இருமடங்கு சத்தம் என்று காது உணரவே ஏறக்குறைய 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு வாட் வேண்டும்!

சிறிய ஸ்பீக்கர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய ஒடுங்கிய பெட்டி ஒன்று உண்டு. கடைக்காரர் அதைக் ‘காலம்’ என்பார். நேரத்தைக் குறிக்கும் காலமன்று, தூண் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல். நிமிர்த்திக் கட்டினால் ஒலியைக் கூரைக்கு அதிகம் அனுப்பாமல் மக்கள்மேல் பரப்பும். படுக்கவைத்துக் கட்டுவோரும் உண்டு. அப்போது பயன் போயிற்று. முன்னால் இரண்டு, நடுவில் இரண்டு எனக் குறைந்த சத்தத்தில் வைத்தால் கடைசிப் பாய்க்கும் வார்த்தை எட்டும். மைக் எப்போதும் பெட்டிகளுக்குப் பின்னால் இருக்கட்டும். செம்பூரில் நீண்ட மண்டபம் எடுக்கும் சபையார் மட்டும் ஒன்றைக் கவனிக்கவேண்டும்: 17 மீட்டரைக் கடக்க ஒலிக்கு ஒரு நொடியின் இருபதில் ஒரு பங்கு ஆகும். பின்பெட்டிகளின் ஒலியை அந்த அளவு தாமதப்படுத்தாவிடில் ஒரே சொல் இருமுறை கேட்கும்.

சட்டமும் இதில் உண்டு. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவு பத்து மணிக்குமேல் 45 டெசிபல் வரம்பு. கல்லூரிகள் நிறைந்த மாட்டுங்காவில், அமைதி மண்டலமென அறிவிக்கப்பட்ட இடமானால் 50-உம் 40-உம்தான். அதே ஆண்டு ஆகஸ்டு 30 அன்று, சென்னை மாதவரம் நெடுஞ்சாலையிலுள்ள சர்ச் ஆஃப் காட் சபையின் வழக்கில், பிறர் அமைதியைக் குலைத்து ஒலிபெருக்கியில் ஜெபிக்குமாறு எந்த மதமும் விதிக்கவில்லை என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எதிர்த்து நின்றது அயலாரின் குடியிருப்போர் சங்கம். தோற்றது நம்மைப் போன்ற ஒரு பெந்தெகொஸ்தே சபை. 2025 ஜனவரியில், செம்பூரை அடுத்த குர்லா நேரு நகர்க் குடியிருப்போரின் மனுவில், ஒலிபெருக்கி மதத்தின் இன்றியமையாத அங்கமன்று என்று மும்பை உயர் நீதிமன்றமும் கூறியது.

கிராண்ட் ரோடு நிலையத்தருகே லேமிங்டன் சாலைக் கடைகளுக்குப் போகும்போது, பாட்டுப் போட்டுக் காட்டினால் மயங்காதீர்கள். போதகரையே அழைத்துச்சென்று மைக்கில் பேசச் சொல்லுங்கள்.

அந்தச் சபையார் பெரிய பெட்டிகளை நஷ்டத்துக்கு விற்றுவிட்டு, நான்கு சிறிய காலம் பெட்டிகளைக் கட்டினர்; பின்சுவரில் கனத்த திரையும் தொங்கவிட்டனர். கதவைத் தட்டிய அயலாரை அவர் வீட்டிலேயே இருக்கச் சொல்லி, போதுமென்று அவர் ஜன்னலில் கையசைக்கும்வரை சத்தத்தைக் குறைத்தனர். ஆம்ப்ளிஃபயர் குமிழ் நின்ற இடத்தில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்திருக்கிறார்கள்.