ஒரு வரி நிரல்

கணினிக்கு நிரல் எழுதுவோர், ஒன்றிற்குள் ஒன்றாய் அடங்கும் வரிகளை இடது ஓரத்திலிருந்து சற்றே உள்தள்ளி எழுதுவர். அந்த வெற்றிடத்தை இருவகையாக இடலாம். இடைவெளி விசையைப் பலமுறை தட்டலாம். அல்லது தட்டச்சுப் பொறி தந்துவிட்டுப் போன டேப் விசையை ஒருமுறை தட்டலாம். திரையில் இரண்டும் ஒன்றாகவே தோன்றும். கணினியோ முன்னதை 32 என்றும், பின்னதை 9 என்றும் வேறுபடுத்தி அறியும்.

எங்கள் அலுவலகத்து மூத்தவர் டேப் பழக்கத்தினர். அவர் காலமான பின்பு அவருடைய கோப்புகளில் கைவைத்த நாங்கள் இருவரும் இடைவெளிக்காரர்கள். பைத்தான் மொழியோ, 2008-இல் வெளிவந்த அதன் மூன்றாம் பதிப்பு முதல், இவ்விரண்டையும் முரணாகக் கலந்து எழுதிய நிரலை ஏற்பதே இல்லை. எனவே எல்லாவற்றையும் இடைவெளியாக்க ஒரு வரி நிரல் எழுதினோம்: டேப் வந்தால் எட்டு இடைவெளி.

அது பிழை. டேப் என்பது எட்டு இடைவெளி அன்று. அடுத்த நிறுத்தம்வரை நகர்க என்னும் கட்டளை. மூன்று எழுத்துகளுக்குப் பின் வந்தால் ஐந்து இடைவெளி. ஏழுக்குப் பின் வந்தால் ஒன்றே ஒன்று. கெர்னிகனும் பிளாகரும் 1976-இலேயே தங்கள் நூலில் இதற்கு நிரல் எழுதிக் காட்டியிருக்கின்றனர். யூனிக்ஸில் 'எக்ஸ்பாண்ட்' என்னும் ஆயத்தக் கருவியும் உண்டு. இருந்தும் நாங்களே எழுதினோம், வயது அப்படி. எழுத்துகளை எண்ணுவதாக நினைத்துப் பைட்டுகளை எண்ணியதால், தமிழ்ச் சொற்கள் வந்த வரிகள் கோணின. 'கி' என்னும் ஓரெழுத்தே யூடிஎஃப்-8 முறையில் ஆறு பைட்டுகள் அல்லவா!

திருத்தி, மாலையில் ஓட்டினோம். முதலில் 'மேக்' கருவியின் கோப்பு படுத்துவிட்டது. 1976-இல் பெல் ஆய்வகத்தில் பிறந்த அக்கருவி, கட்டளை வரிகள் டேப்பில்தான் தொடங்கவேண்டும் என்று இன்றும் எதிர்பார்க்கிறது. அதை அரைமணியில் சரிசெய்தோம்.

மறுநாள் காலை, எங்களுள் இளையவரான தங்கை திரையைப் பார்த்தபடியே கேட்டார்: "அண்ணா, சார் பேரையே காணோமே?"

ஒவ்வொரு வரியையும் கடைசியாகத் தொட்டவர் யார் என்று 'கிட்' கருவி குறித்து வைக்கும். நேற்றுவரை நூற்றுக்கணக்கான வரிகளுக்கு எதிரே மூத்தவரின் பெயர் இருந்தது. இன்று எல்லா வரிகளிலும் எங்கள் பெயர். ஓரெழுத்தும் நாங்கள் எழுதவில்லை. வெற்றிடத்தை மட்டுமே மாற்றினோம். எவரும் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. அதுதான் சங்கடமாக இருந்தது.

வெற்றிட மாற்றங்களைப் பொருட்படுத்தாதே என்று கேட்க அக்கருவியில் ஒரு வழி உண்டு. கேட்டோம். வரிக்கு வரி அவர் பெயர் மீண்டும் வந்து நின்றது. அதோடு விட்டிருக்கலாம். ஆனால், அப்படிக் கேட்கத் தெரியாத ஒருவர் நாளை வந்து பார்த்தால்?

அன்றே அம்மாற்றம் முழுவதையும் விலக்கி, பழைய நிலைக்குத் திருப்பினோம். பிறகு இன்னொரு சிறு நிரல் எழுதினோம். அது, அவருடைய கோப்புகளில் நாங்கள் சேர்த்த வரிகளை மட்டும் டேப்பாக மாற்றியது. இன்றும் அக்கோப்புகளைத் திறந்தால் எங்கள் விரல் தானாகவே டேப் விசைக்குப் போகிறது.