தனுஷ்கோடியில் காற்றைப் பிடித்தோம்!

தனுஷ்கோடிக்குப் போனால் எல்லோரும் செல்ஃபி எடுப்பார்கள். நாங்கள் போனது சத்தம் எடுக்க!

நண்பன் சொந்தமாக ஒரு மொபைல் கேம் செய்கிறான். 1964 புயலில் அழிந்த ஊர்தான் கதைக்களம். கையடக்க ரெக்கார்டர், மைக்குக்குக் காற்றைத் தடுக்கும் ரோம உறை, ஹெட்போன். அவ்வளவுதான் செட்டப்.

ஒருபக்கம் அமைதியான ‘பெண் கடல்’, மறுபக்கம் சீறும் ‘ஆண் கடல்’. இரண்டையும் தனித்தனியாகப் பதிந்தோம். இடிந்த தேவாலயத்தில்தான் சிக்கல். நான்கு முறையும் வேன் ஹாரன் கெடுத்தது.

“என்னத்தப்பா பிடிக்கிறீக?” என்றார் சங்கு விற்கும் பாட்டி. ஹெட்போனை மாட்டிவிட்டோம். கண்ணை மூடிக் கேட்டவர், “அன்னைக்கும் காத்து இப்படித்தான் ஆரம்பிச்சுச்சு. அப்ப எனக்குப் பத்து வயசு” என்றார்.

அதுவும் பதிவாகியிருந்தது. “போட்டுக்கங்க” என்று அவர் சொல்லியும், நண்பன் குரலை நீக்கிவிட்டான். கேமில் காற்று மட்டும்தான் வீசுகிறது.