கடைசி வரை மாணவி

பிரான்சில் லிசியே என்ற ஊரின் கார்மேல் மடத்துக்குள் 1888 ஏப்ரல் 9 அன்று தெரேசா காலடி வைத்தபோது அவருக்கு வயது 15. வீட்டில் கடைக்குட்டி. அறையைச் சுத்தம் செய்வதுகூட அக்கா செலின்தான். அப்படிச் செல்லமாக வளர்ந்தவருக்கு மடத்தில் தாழ்வாரம் பெருக்கும் வேலை.

ஒருநாள் அங்கே ஒட்டடை தொங்குவதைத் தலைவி பார்த்துவிட்டார். பதினைந்து வயதுக் குழந்தை பெருக்கினால் இப்படித்தான் இருக்கும் என்று எல்லோர் முன்னாலும் கடிந்துகொண்டார்.

மடத்தில் சேர்ந்த அன்றே யாரும் துறவியாகிவிடுவதில்லை. சில மாதம் கழித்துத் துறவற உடை தருவார்கள். அதன்பின் நவதுறவியாக, பேச்சையும் மௌனத்தையும் ஜெபத்தையும் புதிதாகப் பழக வேண்டும். தெரேசாவுக்கு 1889 ஜனவரியில் உடை கிடைத்தது. ஓராண்டில் கொடுக்க வேண்டிய வார்த்தைப்பாடு மேலும் எட்டு மாதம் தள்ளிப்போனது. முதலில் மனம் வலித்தது. பிறகுதான், தன் அவசரத்தில் சுயநலமும் கலந்திருப்பது அவருக்குப் புரிந்தது.

வார்த்தைப்பாடு கொடுத்த பிறகாவது எல்லாம் கைவந்ததா? இல்லை. ஜெப நேரத்தில் தூங்கிவிடுவார். ஒரு நாள், இரண்டு நாள் அல்ல, ஏழு வருடம்! இதை அவரே எழுதியிருக்கிறார். ஆனால் அதற்காக நொந்துபோகவில்லை. தூங்கும் குழந்தை மீதும் பெற்றோருக்குப் பாசம் உண்டுதானே என்று தேற்றிக்கொண்டார்.

நம்மில் பலர் சோர்ந்துபோவது இந்த இடத்தில்தான். ஞானஸ்நானம் பெற்று இருபது வருடம் ஆகியிருக்கும். அதே கோபம், ஜெபத்தில் அதே கவனச்சிதறல். 'நமக்கெல்லாம் பக்தி வராது' என்று விட்டுவிடுகிறோம்.

தெரேசா வேறு வழியில் போனார். 1893-ல் பயிற்சிக் காலம் முடிந்து வெளியே வரலாம் என்ற நிலையில், நவதுறவிகளுடனேயே இருக்க அனுமதி கேட்டார். சின்னச் சின்ன விஷயத்துக்கும் அனுமதி கேட்டு நிற்க வேண்டிய இடம் அது. அங்கே இருந்தபடியே புதிதாக வந்தவர்களுக்கு வழிகாட்டினார். 1897 செப்டம்பர் 30 அன்று, 24 வயதில் காசநோயால் இறக்கும்வரை அவர் அங்கேதான் இருந்தார்.

நூறு வருடம் கழித்து, 1997-ல், போப் இரண்டாம் ஜான் பால் அவரைத் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவித்தார். உலகத்துக்கே ஆசிரியை என்று பொருள். இறக்கும்வரை மாணவர் வரிசையை விட்டு எழாதவருக்குக் கிடைத்த பெயர் அது.

இன்று ஜெபத்தில் தூங்கிவிட்டீர்களா? பரவாயில்லை. நாளைக்கும் போய் உட்காருங்கள்.