தூங்குவதற்கு ஒரு ஹோட்டல்

நம் வீடுகளில் பிறந்த நாள் என்பது இரண்டு பருவத்தினருக்குத்தான் உரியது. பலூன் கட்டி, கேக் வெட்டும் குழந்தைப் பருவம் ஒன்று. மாலையும் கழுத்துமாக உட்கார்ந்து, பேரன் பேத்திகள் பார்க்க மறுபடியும் தாலி கட்டும் அறுபது வயது மற்றொன்று. இடையிலே கிடக்கும் ஐம்பது வருஷத்தில் பிறந்த நாள் வந்தால், ஒரு கரண்டி பாயசம், கோயிலில் ஓர் அர்ச்சனை, அத்தோடு சரி. எங்கள் வீட்டில் இன்னும் சிக்கனம். என் பிறந்த நாளும் அவருடைய பிறந்த நாளும் புரட்டாசி மாதத்தில் ஐந்து நாள் இடைவெளியில் வருகின்றன. ஆகையால் இரண்டுக்கும் சேர்த்து ஒரே பாயசம்!

இந்தத் தடவை பாயசத்தோடு நிற்கவில்லை. காரணம் என் மாமியார்.

என் மாமனார் பக்கவாதத்தால் மூன்று வருஷம் படுக்கையில் இருந்தார். படுத்த இடத்தில் புண் வராமல் இருக்க வேண்டுமானால் இரண்டு மணிக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பகலில் ஓர் ஆயாள் வந்தாள். இரவு முழுவதும் என் கணவருடைய பொறுப்பு. அவர் முடியாமல் சாய்ந்தால் நான். தை மாதத்தில் மாமனார் காலமானார். எட்டு மாதம் ஆகியும் என் கணவருக்கு இரவு இரண்டு மணிக்கு விழிப்புக் கொடுத்து விடுகிறது. எழுந்து கட்டில் விளிம்பில் உட்காருவார். அந்த அறைப் பக்கம் ஒரு தடவை பார்ப்பார். பிறகு படுத்துக் கொள்வார். ஆனால் தூங்க மாட்டார்.

இதையெல்லாம் நான் மட்டுமே கவனிக்கிறேன் என்று நினைத்துக் கொண்டிருந்தேன். ஒரு நாள் கீரை ஆய்ந்து கொண்டே மாமியார் சொன்னார்:

"பிறந்த நாள் வருகிறதே, நீங்கள் இரண்டு பேரும் எங்கேயாவது போய் இரண்டு நாள் நன்றாகத் தூங்கிவிட்டு வாருங்கள். குழந்தையை நான் பார்த்துக் கொள்கிறேன்."

"இன்னும் வருஷம் திரும்பவில்லையே, அத்தை?" என்றேன்.

"பண்டிகைதான் கொண்டாடக் கூடாது. தூங்கக் கூடாது என்று எந்தச் சாஸ்திரத்திலும் எழுதவில்லை" என்றார், கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இப்படியாக, ஹோட்டல் தேர்ந்தெடுக்கும் வேலை என் தலையில் வந்து விழுந்தது. கேள்வி கேட்பதே என் தொழிலானதால் வீட்டில் யாருக்கும் இதில் சந்தேகம் இருக்கவில்லை.

ஊர் எது என்பதில் அதிக விவாதம் இல்லை. மாமியாரைத் தனியாகக் குழந்தையோடு விட்டுப் போவதால், ஏதாவது ஒன்று என்றால் மூன்று மணி நேரத்தில் திரும்பிவிட வேண்டும். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் 150 கிலோ மீட்டர் தூரத்தில் புதுச்சேரி இருக்கும்போது வேறு எங்கே தேடுவது?

ஆனால், புதுச்சேரியில் எந்த ஹோட்டல் என்பதில்தான் வந்தது வினை. படம் பார்த்தால் எல்லா ஹோட்டலும் சொர்க்கம். எல்லாவற்றிலும் போகன்வில்லா, எல்லாவற்றிலும் திண்டு போட்ட கட்டில், எல்லாவற்றுக்கும் 'பூட்டிக் ஹோட்டல்' என்று பெயர்.

இந்த 'பூட்டிக்' என்ற பிரெஞ்சு வார்த்தைக்குச் சாதாரணமாகச் 'சின்னக் கடை' என்றுதான் அர்த்தம். அதை ஹோட்டலுக்குப் பெயராக்கிய பெருமை நியூயார்க்கைச் சேர்ந்தது. 1984-இல் அங்கே ஸ்டீவ் ரூபெல், இயன் ஷ்ரேகர் என்ற இருவர் 'மார்கன்ஸ்' என்று ஒரு ஹோட்டல் ஆரம்பித்தார்கள். மற்ற பெரிய ஹோட்டல்கள் எல்லாச் சாமானும் விற்கும் பெரிய ஸ்டோர் மாதிரி, எங்களுடையது தேர்ந்தெடுத்த சரக்கு மட்டும் விற்கும் சின்னக் கடை மாதிரி என்று ரூபெல் ஒப்பிட்டுச் சொன்னதாகச் சொல்வார்கள். ஆகவே, அறைகள் குறைவாக இருக்க வேண்டும். ஒரு அறை போல் இன்னொன்று இருக்கக் கூடாது. வீட்டுக்கென்று ஒரு முகம் இருக்க வேண்டும். இதுதான் இலக்கணம்.

இதில் நம்மைப் போன்றவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. இருநூறு அறையுள்ள பெரிய ஹோட்டலில் எந்த அறையைக் கொடுத்தாலும் ஏறக்குறைய ஒன்றுதான். பத்து அறையுள்ள வீட்டிலோ ஒரு அறை நந்தவனத்தைப் பார்க்கும். இன்னொன்று அடுத்த வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கும். ஆகையால், இங்கே ஹோட்டலைத் தேர்ந்தெடுத்தால் போதாது. அறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

புதுச்சேரியில் இந்த வீடுகள் இரண்டு ஜாதி. நகரத்தின் நடுவே ஓடும் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே, கடலைப் பார்த்த பக்கம் பிரெஞ்சுக்காரர்கள் குடியிருந்த பகுதி. மேற்கே தமிழர்கள் குடியிருந்த பகுதி. அந்தக் காலத்தில் ஒன்றை வெள்ளை நகரம் என்றும், மற்றதைக் கறுப்பு நகரம் என்றும் கூசாமல் சொல்லி வந்தார்கள். 1954 நவம்பர் முதல் தேதி ஆட்சி கைமாறி, 1962 ஆகஸ்டில் சட்டப்படியும் இந்தியாவோடு சேர்ந்த பிறகும், இரண்டு பக்கத்து வீடுகளும் தங்கள் குணத்தை மாற்றிக் கொள்ளவில்லை.

பிரெஞ்சு வீடு தெருவுக்கு முகம் காட்டாது. உயரமான மதில், பெரிய கதவு. கதவைத் திறந்தால்தான் தோட்டமும், தூண் வைத்த வராந்தாவும். தமிழ் வீடோ தெருவோடு பேசிக் கொண்டிருக்கும். வெளியே மெல்லிய தூண்கள் தாங்கும் தாழ்வாரம், வழிப்போக்கன் உட்காரத் திண்ணை, உள்ளே போனால் முற்றம். சில வீடுகளில் கீழே தமிழும் மேலே பிரெஞ்சுமாக, திண்ணைக்கு மேல் வளைவு ஜன்னல் வைத்த மாடி எழும்பியிருக்கும். சம்பந்தி வீட்டார் இருவரும் ஒரே கூரையில் குடித்தனம் பண்ணுகிற மாதிரி! வைசியாள் வீதியில் இந்த மாதிரி வீடுகளை வரிசையாகப் பார்க்கலாம். ஐரோப்பிய யூனியன் உதவியோடு இன்டாக் ஸ்தாபனத்தார் அந்த வீதியின் முகப்புகளைச் சீர்படுத்தினார்கள். 2008-இல் அதற்கு யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் விருது கிடைத்தது. பெருமாள் கோயில் தெருவில் 'மேசோன் பெருமாள்' என்ற ஹோட்டல், இப்படி ஒரு பழைய தமிழ் வீட்டைப் புதுப்பித்து உண்டானதுதான்.

எனக்கு முற்றம் வைத்த வீடு என்றால் உயிர். படத்தில் பார்த்தவுடனேயே, மேலே வானமும் கீழே தூண்களுமாக நடுவில் நாற்காலி போட்டிருந்த ஒரு ஹோட்டலில் மனம் போய் உட்கார்ந்துவிட்டது. ஆனால் நாங்கள் போவது தூங்குவதற்கு அல்லவா? முற்றத்து வீட்டில் வளர்ந்த எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்வாள்: அடுக்களையில் ஒரு கரண்டி விழுந்தால் மாடி அறையில் கேட்கும். சுண்ணாம்புச் சுவரும், கல் தரையும் சத்தத்தை விழுங்காது, பந்தாடி அனுப்பும். இந்த ஹோட்டல்களில் பெரும்பாலும் காலை ஆகாரம் பரிமாறும் இடமும் முற்றம்தான். எட்டு மணிக்கு வெளியூர்க்காரர் ஒருவர் காபியில் சர்க்கரையைக் கலக்கினால் உங்கள் தலையணைக்குப் பக்கத்தில் மணி அடிக்கும்!

அவரையே கேட்டு விடுவோம் என்று ஒரு நாள் இரவு சாப்பாட்டின்போது கேட்டேன். "நீச்சல் குளம் வேண்டுமா? கடல் தெரிய வேண்டுமா?"

அவர் மோரை ஊற்றிக் கொண்டே கொஞ்ச நேரம் யோசித்தார். "ஜன்னல் பக்கம் உட்கார ஒரு நாற்காலி இருந்தால் போதும். அப்புறம், யாரும் எதற்கும் என்னைக் கூப்பிடக் கூடாது" என்றார்.

கல்யாணமான இந்தப் பதினொரு வருஷத்தில் அவருக்கு எந்தச் சட்டை பிடிக்கும், எந்தக் குழம்பு பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். 'உங்களுக்கு என்ன வேண்டும்?' என்று வெறுமனே கேட்டது எப்போது என்று யோசித்துப் பார்த்தேன். நினைவு வரவில்லை. அதற்கு அப்புறம் எனக்குக் குழப்பமே இல்லை. கேட்க வேண்டிய கேள்விகளை ஒரு காகிதத்தில் எழுதிக் கொண்டு டெலிபோனை எடுத்தேன்.

எந்த அறை முற்றத்தைப் பார்க்கிறது, எது தெருவைப் பார்க்கிறது, எது பின்பக்கம்? மாடிக்கு லிப்ட் உண்டா? (பழைய வீடுகளில் பெரும்பாலும் கிடையாது, படியும் செங்குத்தாக இருக்கும். முழங்கால் வலிக்காரர்கள் இதை முதலில் கேட்க வேண்டும்.) பக்கத்தில் கட்டட வேலை ஏதாவது நடக்கிறதா? ஏ.சி. இயந்திரம் எந்த ஜன்னலுக்கு வெளியே இருக்கிறது? காலை ஆகாரம் எத்தனை மணியோடு முடியும்? தாமதமாக எழுந்தால் அறைக்குக் கொண்டு வருவீர்களா? கடைசி நிமிஷத்தில் வர முடியாமல் போனால் பணம் திரும்புமா?

ஒரு ஹோட்டலில், எதைக் கேட்டாலும், "எல்லா அறையும் பிரமாதம், மேடம்" என்று ஒரே பதில். அத்துடன், "பிறந்த நாளா? கட்டில் முழுக்க ரோஜா இதழ் தூவி, துண்டிலே இரண்டு அன்னப்பட்சி செய்து வைத்து, கேக்கும் மெழுகுவர்த்தியும்..." என்று அடுக்கினார்கள். துக்கம் கழியாத வீட்டிலிருந்து வருகிறவர்களுக்கு அன்னப்பட்சி எதற்கு? நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

மற்றொரு சின்ன ஹோட்டலில் போனை எடுத்தவர் வயதானவர் போலிருந்தது. நான் விஷயத்தைச் சொன்னதும் அவர் சொன்னார்: "அம்மா, அழகு பார்த்தால் முற்றத்து அறைதான். வாடகையும் அதற்குத்தான் அதிகம். ஆனால், தூங்க வேண்டுமென்றால் பின்கட்டு மாடி அறையை எடுத்துக் கொள்ளுங்கள். ஜன்னலில் வேப்பமரம் தவிர ஒன்றும் தெரியாது. சனி, ஞாயிறில் வராதீர்கள், ஊரே கூட்டம். செவ்வாய், புதனில் வாருங்கள், வாடகையும் இறங்கும்." தன் சரக்கில் குறைந்த விலையுள்ளதைத் தானே எடுத்துக் காட்டுகிற கடைக்காரரை விட்டு வேறு கடைக்குப் போவார்களா?

பணத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை. 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு ஜி.எஸ்.டி. வரி 5 சதவிகிதம். அதைத் தாண்டினால் 18 சதவிகிதம். இதன் விளைவைப் பாருங்கள். 7,500 ரூபாய் அறைக்கு வரியோடு 7,875 ரூபாய். 7,600 ரூபாய் அறைக்கு வரியோடு 8,968 ரூபாய்! வாடகையில் நூறு ரூபாய் ஏறினால் பையிலிருந்து ஆயிரத்துத் தொண்ணூற்று மூன்று ரூபாய் கூடுதலாகப் போகிறது. ஆகவே, வரிக்கு முன் எவ்வளவு, வரிக்குப் பின் எவ்வளவு என்று இரண்டையும் கேட்டு எழுதிக் கொள்ளுங்கள். சாப்பாட்டு பில்லில் 'சர்வீஸ் சார்ஜ்' என்று தானாகச் சேர்த்திருந்தால் அதைக் கொடுத்தாக வேண்டிய கட்டாயம் இல்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் அப்படி உத்தரவிட்டது. டில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அது சரிதான் என்று சொல்லிவிட்டது. நன்றாகக் கவனித்த பையனுக்கு நாமாக மனமுவந்து கொடுப்பது வேறு விஷயம்.

எங்கள் அறை 7,500-க்குள் அடங்கிவிட்டது. ஆனாலும் தொகையைக் கேட்டு மாமியார் திடுக்கிட்டுப் போனார்.

"ஒரு ராத்திரிக்கா? தங்கத்தில் கட்டிலா போட்டிருக்கிறான்?"

"இல்லை அத்தை, மரக்கட்டில்தான். சத்தம் இருக்காதாம்."

மாமியார் கொஞ்சம் யோசித்தார். "சத்தமில்லாத இடத்துக்குக் கொடுக்கலாம்" என்றார்.

போனோம். அறை சின்னதுதான், உயரமான கூரையில் தேக்கு உத்தரம் வரிசையாக ஓடியது. ஜன்னலோரம் நாற்காலி இருந்தது. வெளியே அவர் சொன்ன வேப்பமரமும் இருந்தது. கட்டிலில் இதழும் இல்லை, அன்னப்பட்சியும் இல்லை. சாயங்காலம் கடற்கரைச் சாலையில் நடந்தோம். மாலையிலிருந்து மறுநாள் காலை வரை அங்கே வண்டிகளை விடுவதில்லை. அதனால் கடல் சத்தம் மட்டும் கேட்கிறது. நாங்கள் அதிகம் பேசவில்லை. மூன்று வருஷமாக எங்கள் பேச்செல்லாம் மாத்திரை, கஞ்சி, கட்டுத்துணி என்று இருந்துவிட்டது. வேறு பேச்சு வருவதற்குக் கொஞ்சம் நடக்க வேண்டியிருந்தது.

முதல் நாள் இரவு இரண்டு மணிக்கு அவர் வழக்கம்போல் எழுந்து உட்கார்ந்தார். பழக்கமில்லாத சுவரைப் பார்த்தார். "எந்த ஊரில் இருக்கிறோம்?" என்று கேட்டார். சொன்னேன். தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தார்.

இரண்டாம் நாள் இரவு இரண்டு மணிக்கு எனக்குத்தான் விழிப்பு வந்தது. அவர் சுவர்ப் பக்கம் திரும்பித் தூங்கிக் கொண்டிருந்தார்.

காலை ஒன்பது மணிக்கு என் டெலிபோன் அடித்தது. எடுத்துக் கொண்டு வராந்தாவுக்கு ஓடினேன். மாமியார்தான்.

"எழுந்துவிட்டானா?"

"இன்னும் இல்லை, அத்தை. நல்ல தூக்கம்."

அந்தப் பக்கம் சிறிது நேரம் பேச்சே இல்லை. பின்னால் குழந்தை என்னவோ கேட்கிற சத்தம் மட்டும் வந்தது.

"எழுப்பாதே" என்று சொல்லி, மாமியார் போனை வைத்துவிட்டார்.