படைமுகாமில் ஒரு மௌலவியின் இல்லம்

ஆலிம் ஒருவரின் இல்லத்தரசி எவ்வாறு வாழ்வாள் என்பதை நம் சமுதாயம் நன்கறியும். போர்வீரர் ஒருவரின் மனைவி எவ்வாறு வாழ்வாள் என்பதையும் ஓரளவு அறியும். இவ்விரண்டும் ஒருத்தியின் வாழ்வில் ஒன்றுசேர்ந்தால் எப்படியிருக்கும் என்று ஆம்பூரில் என்னைக் காணும் சகோதரிகள் பலர் கேட்பதுண்டு. "பள்ளிவாசலில் இமாமத் செய்ய வேண்டியவருக்குப் பட்டாளத்தில் என்னம்மா வேலை?" என்பதே அவர்களுடைய முதற்கேள்வி. அதற்கு விடையளித்த பிறகே மற்றவற்றைக் கூற முடியும்.

இந்தியப் படையில் மத போதகர் என்றொரு பதவி உண்டு. பண்டிதர், மௌலவி, கிரந்தி, பாதிரியார், பௌத்தத் துறவி என அந்தந்த மார்க்கத்தைக் கற்றவர்கள் நாயிப் சுபேதார் தகுதியில் இப்பதவியில் சேர்க்கப்படுகின்றனர். புனேயிலுள்ள தேசிய ஒருமைப்பாட்டு நிறுவனத்தில் எல்லா மதத்தாரும் ஒன்றாகவே பயிற்சி பெறுகின்றனர். தொழுகை நடத்துவதோடு மௌலவியின் கடமை முடிந்துவிடுவதில்லை. மருத்துவமனையில் கிடக்கும் வீரரைக் கண்டு ஆறுதல் கூற வேண்டும். காவலில் வைக்கப்பட்டவரையும் சந்தித்து நல்லுரை சொல்ல வேண்டும். வீரர்களின் பிள்ளைகளுக்கு மார்க்கம் கற்பிக்க வேண்டும். மரித்தவருக்கு ஜனாஸாத் தொழுகை நடத்த வேண்டும். போரிடுவது அவர் வேலையன்று. போரிடுபவர் செல்லும் இடத்திற்கு உடன் செல்வதே அவர் வேலை.

இதை ஏதோ புதுமை என எண்ண வேண்டியதில்லை. ஆங்கிலேயர் காலத்திலேயே இந்தியப் படைப்பிரிவுகளில் மௌலவியும் பண்டிதரும் கிரந்தியும் இருந்தனர். அமெரிக்க இராணுவத்தில் முதல் முஸ்லிம் மார்க்க போதகர் 1993-இல்தான் நியமிக்கப்பட்டார். பிரிட்டிஷ் படைகளுக்கு அத்தகைய ஒருவர் கிடைத்தது 2005-இல்தான்.

படைக்கு மார்க்கம் அறிந்தவர் எதற்கு என்பதை வேலூர்க் கோட்டையை அன்றாடம் பார்க்கும் நமக்கு ஒருவர் விளக்கவும் வேண்டுமா? 1805-ஆம் ஆண்டின் இறுதியில் சென்னைப் படையினருக்குப் புதிய தலைப்பாகை ஒன்று விதிக்கப்பட்டது. அதில் தோலாலான சின்னம் பொருத்தப்பட்டிருந்தது. தாடிக்கும் நெற்றிக்குறிக்கும் காதணிக்கும் தடை வந்தது. 1806 ஜூலை 10 அதிகாலையில் கோட்டைக்குள் வெடித்த சிப்பாய்களின் எழுச்சிக்குக் காரணங்கள் பல. அவற்றுள் இந்த ஆணைகள் முக்கியமானவை. தோல் நம் ஊருக்குச் சோறு போடும் பொருள்தான். ஆயினும் அது எந்தப் பிராணியின் தோல், உடலில் எவ்விடத்தில் வைக்கப்படுகிறது என்பது ஒருவனுடைய ஈமானையும் மற்றொருவனுடைய ஆசாரத்தையும் தொட்டுவிடுகிறது. அதனை அறிந்து முன்கூட்டியே எடுத்துச் சொல்ல ஒருவர் இருந்தால் எத்தனையோ துயரங்களைத் தவிர்க்கலாம்.

என் கணவர் வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் அரபிக் கல்லூரியில் ஓதி ஸனது பெற்றவர். தனித்தேர்வராகப் பட்டப்படிப்பும் முடித்தவர். 1986-இல் எங்கள் நிக்காஹ் நடந்தது. 1989-இல் அவர் படையில் சேர்ந்தார். என் அத்தா ஆம்பூரில் ஒரு டேனரியில் தோலுக்கு ரகம் பிரிப்பவர். எங்கள் பகுதியில் பிள்ளைகள் வெளியூர் போவதென்றால் சென்னை பெரியமேட்டுத் தோல் மண்டிக்கோ கான்பூருக்கோ போவார்கள். பிற்காலத்தில் சவூதிக்கும் துபாய்க்கும் போனார்கள். வேலூரை அடுத்த கம்மவான்பேட்டை போன்ற ஊர்களில் தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பும் குடும்பங்கள் உண்டென்றாலும், தோல் தொழிலை நம்பிய எங்கள் குடும்பங்களில் அந்தப் பழக்கம் அரிது. மருமகன் பட்டாளத்துக்குப் போகிறார் என்றதும் அத்தா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "சுண்ணாம்புத் தொட்டியில் ஊறி மயிர் கழிந்த பிறகுதான் தோலில் இருக்கும் கீறல் தெரியும். மனிதரும் அப்படித்தான். போய்ப் பார்" என்று மட்டும் சொன்னார்.

கறுப்பு டிரங்குப் பெட்டிகளில் வெள்ளைச் சாயத்தால் கணவரின் பெயரையும் எண்ணையும் எழுதிக்கொண்டு, காட்பாடியில் ரயிலேறி, இட்டார்சி வழியாக ஜபல்பூர் வரை போன வழி இன்றும் எனக்கு மனப்பாடம். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை அப்பெட்டிகள் மீண்டும் கட்டப்படும். என் பிள்ளைகள் இருவரும் கேந்திரிய வித்யாலயாக்களில் மாறி மாறிப் படித்தார்கள்.

ஆம்பூரில் உருதுவில் வல்லவள் என்று பெயரெடுத்திருந்த நான் அங்கே வாய் திறந்ததும் பெண்கள் சிரித்தார்கள். வேண்டாம் என்பதற்கு நாம் சொல்லும் "நக்கோ" அவர்களுக்கு வேடிக்கையாக இருந்தது. அந்தச் சிரிப்பே எனக்கு வாசலைத் திறந்தது. மாலையில் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுத்தேன். கடிதம் எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுத்தேன். பக்கத்து வீட்டில் பண்டித்ஜியின் மனைவி. இரண்டு வீடு தள்ளிச் சீக்கிய கிரந்தியின் மனைவி. படைப்பிரிவில் ஒரே கூரையின் கீழ் எல்லா மதத்தாரும் வழிபடும் சர்வ தர்ம ஸ்தலம் இருப்பதுபோல, எங்கள் மூவரின் அடுப்படிகளும் ஒன்றுபோலவே புழங்கின. நோன்புப் பெருநாளுக்கு முதல் நாள் பண்டித்ஜியின் மனைவி வந்து உட்கார்ந்து முந்திரியும் திராட்சையும் சுத்தம் செய்து தருவார்.

1999-ஆம் ஆண்டு மே மாதம் கார்கிலில் போர் மூண்டது. என் கணவர் பணியாற்றிய பட்டாலியன் மலைக்குச் சென்றது. குடும்பங்கள் ஜபல்பூர்க் குடியிருப்பில் தங்கின. 56 ஏ.பி.ஓ. என்ற முகவரியிட்ட கடிதங்களில் அவர் நலம் என்பதற்கு மேல் எதுவும் இருக்காது. எங்கே இருக்கிறார்கள் என்று எழுதக்கூடாது, எழுதவும் மாட்டார். ஆனால் பெண்கள் என்னிடம்தான் வந்து கேட்பார்கள்: "மௌலவி சாப் என்ன எழுதியிருக்கிறார்?" மார்க்கம் அறிந்தவரின் மனைவிக்கு மற்றவர் அறியாதது தெரியும் என்ற நம்பிக்கை அவர்களுக்கு.

ஜூன் மாதத்தில் ஒரு நாள் உண்மையிலேயே மற்றவர் அறியாத ஒன்று எனக்குத் தெரிய வந்தது. அதிகாரி ஒருவரின் மனைவி என்னை அழைத்தனுப்பினார். ராஜஸ்தானத்தைச் சேர்ந்த முஸ்லிம் வீரர் ஒருவர் ஷஹீதாகிவிட்டார். அவர் மனைவியிடம் செய்தி சொல்ல நாங்கள் இருவரும் செல்ல வேண்டும். குடியிருப்பின் நடுவே நாங்கள் நடந்து சென்றபோது ஒவ்வொரு வாசலிலும் பெண்கள் எழுந்து நின்றார்கள். நாங்கள் தம் வாசலைக் கடந்ததும் அவர்கள் விட்ட மூச்சு என் காதில் விழுந்தது. எந்த வாசலில் நின்றோமோ அங்கே வாய் திறந்து சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை. அந்தச் சகோதரி என் கால்களைப் பார்த்தபடியே தரையில் அமர்ந்துவிட்டாள். மலையடிவாரத்தில் என் கணவர் ஜனாஸாத் தொழுகை நடத்தி அனுப்பிய மையித்து அவள் ஊருக்குச் சென்றது. இத்தாவுக்காக அவளும் அங்கேயே சென்றுவிட்டாள்.

அதன் பிறகுதான் எனக்குச் சோதனை தொடங்கியது. மறுநாள் நான் கடைக்குப் போகத் தெருவில் இறங்கியதும் பிள்ளைகள் விளையாட்டை நிறுத்தினார்கள். ஒரு சிறுவன், "மௌலவி சாப் வீட்டு அம்மா வருகிறார்" என்று கத்திக்கொண்டு உள்ளே ஓடினான். உள்ளே பாத்திரம் ஒன்று விழுந்த சத்தம் கேட்டது. நான் மரணத்தின் தூதாகிவிட்டிருந்தேன். வீட்டுக்குள்ளேயே இருந்துவிடலாமா என்று இரண்டு நாள் எண்ணினேன்.

அப்போது எனக்கு நினைவுக்கு வந்தது முஅத்தா யுத்தம். ஹிஜ்ரி 8-இல் ஜஅஃபர் இப்னு அபீதாலிப் ரலியல்லாஹு அன்ஹு அவர்கள் அங்கே ஷஹீதானபோது, நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் அஸ்மா பின்த் உமைஸ் ரலியல்லாஹு அன்ஹா அவர்களின் வீட்டுக்குத் தாமே சென்றார்கள். பிள்ளைகளை வரவழைத்து அணைத்துக் கண்ணீர் விட்டார்கள். ஜஅஃபரின் வீட்டாருக்கு உணவு சமைத்துக் கொடுக்குமாறு மற்றவர்களிடம் சொன்னார்கள். இச்சம்பவத்தை நான் சிறுவயது முதல் கேட்டிருக்கிறேன். அன்றுதான் அதில் ஒன்று புலப்பட்டது. அந்தப் பிள்ளைகளுக்கு நாயகமவர்கள் அந்நியரல்லர். துயரம் வருமுன்பே பாசத்தோடு பழகிய கை அது. அதனால்தான் துயர நாளிலும் அந்தக் கை அணைத்தபோது பிள்ளைகள் அதனுள் அடங்கினார்கள்.

அன்று முதல் லுஹர் தொழுததும் ஒரு வீட்டுக்குப் போவது என்று வைத்துக்கொண்டேன். செய்தி எதுவும் கொண்டு போவதில்லை. ஊசி வாங்கப் போவேன்; பருப்புப் புடைத்துக் கொடுத்துவிட்டு வருவேன்; பிள்ளைக்குத் தலைவாரி விடுவேன். முதல் வாரம் கதவைத் திறந்தவர்களின் முகம் வெளுத்தது. "ஒன்றுமில்லை, சும்மா வந்தேன்" என்பதே நான் சொல்லும் முதல் வார்த்தை. இரண்டு வாரத்தில் அந்த வார்த்தை தேவைப்படவில்லை.

ஜூலை மாதம் அதிகாரியின் மனைவி மறுபடியும் அழைத்தனுப்பினார். இம்முறை ஹரியானாவைச் சேர்ந்த ஓர் இந்துச் சகோதரியின் வீடு. நான் முன்னே சென்றேன். அவள் என்னைக் கண்டு சிரித்து, "வாருங்கள் பாபி" என்று சொல்லித் தேநீருக்குத் தண்ணீர் வைத்தாள். அந்த அடுப்பை நான்தான் அணைத்தேன். அதற்கு மேல் இங்கே எழுத இயலவில்லை. அவர்கள் வீட்டில் மாமிசம் புழங்குவதில்லை. எனவே பண்டித்ஜியின் மனைவி பருப்பும் ரொட்டியும் சமைத்தார். நான் பிள்ளைகளுக்கு ஊட்டினேன்.

என்னைக் கண்டு அவள் சிரித்த அந்தச் சிரிப்பு பல நாள் என்னை உறங்க விடவில்லை. அச்சமின்றிக் கதவைத் திறக்கப் பழக்கியது அவளுக்கு நன்மையா, தீங்கா என்று மனம் கேட்டுக்கொண்டே இருந்தது. பிள்ளைகளின் படிப்புக்காக இரண்டு மாதம் கழித்து அவள் குடியிருப்புக்குத் திரும்பினாள். வந்த அன்று மாலை என் வீட்டுக் கதவைத் தட்டினாள். "ஒன்றுமில்லை பாபி, சும்மா வந்தேன்" என்றாள். என் கேள்விக்கு அல்லாஹ் அவள் வாயால் விடை தந்தான்.

என் வீட்டு வாசலுக்கு யார் வருவார் என்ற அச்சம் எனக்கு மட்டும் இல்லாமலா இருந்தது? மௌலவியைக் குண்டு விலகிச் செல்லும் என்று எந்த விதியும் இல்லை. அந்த நாட்களில் பண்டித்ஜியின் மனைவி ஒவ்வொரு நாளும் இஷாவுக்குப் பிறகு வந்து, என் பிள்ளைகள் உறங்கும்வரை இருந்துவிட்டுப் போவார். அவருடைய கணவரும் அதே மலையில்தான் இருந்தார்.

1965-ஆம் ஆண்டுப் போரில் அசல் உத்தரில் உயிரீந்த அப்துல் ஹமீது அவர்களுக்குரிய பரம வீர சக்கரத்தை 1966 குடியரசு நாளில் அவர் மனைவி ரசூலன் பீவி குடியரசுத் தலைவர் இராதாகிருஷ்ணனிடம் பெற்றுக்கொண்டார். அந்த நாள் வரலாற்றில் நிற்கிறது. செய்தி வந்த நாளோ அடுப்படியோடு அடங்கிவிடுகிறது. மௌலவியின் மனைவிக்கு உரிய இடம் அந்த அடுப்படிதான். அதற்குப் பதவியும் இல்லை, சம்பளமும் இல்லை.

என் கணவர் 2013-இல் ஓய்வு பெற்றார். அல்ஹம்துலில்லாஹ், அவரும் நானும் இப்போது ஆம்பூரில் இருக்கிறோம். இங்கே பட்டாளத்துக் குடியிருப்பு இல்லை. ஆனால் கணவர் ரியாதிலோ குவைத்திலோ இருக்க, இரவில் தொலைபேசி ஒலித்தால் நெஞ்சைப் பிடித்துக்கொள்ளும் பெண்கள் நம் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். மௌத்து வீட்டுக்குப் போவதில் நம் சமுதாயம் குறை வைப்பதில்லை. சாப்பாடும் அனுப்புகிறோம், மூன்று நாளும் உடனிருக்கிறோம். கல்யாண வீட்டுக்கும் தவறாமல் போகிறோம். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நாட்களில், ஒரு காரணமும் இன்றி அவர்கள் வாசலை மிதிக்கிறோமா?

சகோதரிகளே, நாளை லுஹருக்குப் பிறகு அப்படி ஒரு வீட்டுக்குச் சென்று பாருங்கள். எதற்கு வந்தீர்கள் என்று கேட்டால் ஊசி கேளுங்கள். துன்பம் வரும் நாளில் நாம் சொல்லும் ஸப்ர் என்ற வார்த்தை அவள் செவியில் ஏற வேண்டுமானால், அதற்கு முன்பே நம் காலடி ஓசை அந்த வாசலுக்குப் பழகியிருக்க வேண்டும். வல்ல நாயன் நம் அனைவரின் இல்லங்களையும் காத்தருள்வானாக. ஆமீன்.