பட்டினியும் பெருந்தீனியும்

நம் விடுதிச்சாலையிலே துணை மேற்பார்வையாளனாக யான் இருந்த காலம். உடல் பருத்துவிட்டதென்று வெட்கிய மாணவன் ஒருவன் இரண்டு வாரமாகச் சோற்றைத் தொடாதிருந்தான். அவன் மனவுறுதியை வகுப்பிலே புகழ்ந்தேன். ஓரிரவு குசினிப் பக்கம் ஓசை கேட்டுச் சென்று பார்த்தால், காலைக்கென வைத்திருந்த பாணைச் சீனியில் தோய்த்துத் தோய்த்து இருளிலே நின்று விழுங்கிக்கொண்டிருந்தான். மறுநாள் அதே வகுப்பிலே 'பெருந்தீனிக்காரன்' என்று இகழ்ந்தேன். எல்லாரும் சிரித்தனர், அவன் சிரிக்கவில்லை.

நாற்பதைக் கடந்தபின், நீரிழிவு வரக்கூடுமென வைத்தியர் என்னை எச்சரித்தார். அளவோடு உண்ணுங்கள் என்றே அவர் சொன்னார். யானோ காலையுணவையும் இராவுணவையும் ஒருங்கே துறந்தேன். (ஆசிரியர்க்கு எதிலும் கண்டிப்பு வேண்டுமன்றோ!) பத்தாம் நாளிரவு, மனைவி உறங்கியபின், எஞ்சியிருந்த பிட்டு முழுவதையும் நின்றபடியே உண்டேன். வயிறு நிறைந்தும் கை நிற்கவில்லை. அப்போது அந்தப் பையனின் முகம் நினைவில் வந்தது.

பின்னரே, அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்பார் 1944, 1945ஆம் ஆண்டுகளில் நடாத்திய ஆராய்ச்சி பற்றிப் படித்தேன். தாமாக முன்வந்த 36 இளைஞர்க்கு 24 வாரம், வழக்கமாக உண்பதில் ஏறத்தாழப் பாதியே கொடுக்கப்பட்டது. உடல் நிறையிற் காற்பங்கு குறைந்தது. நாள் முழுதும் உணவு நினைவே. சமையல் நூல்களைத் தேடிப் படித்தாரும் உளர். கட்டுப்பாடு நீங்கியதும், வயிறு கொள்ளாத அளவு உண்டும் பசி ஆறவில்லை என்றனர் சிலர். உடலும் உளமும் உறுதியுடையோரென ஆராய்ந்து தெரியப்பட்டவர்கள் அவர்கள்!

அம்மாணவன் இன்று நம் பழைய மாணவருள் ஒருவன். விழாவிற்கு வருவானாயின், பந்தியில் அவனருகே இருந்து உண்ண விரும்புகிறேன். கேட்கவேண்டிய மன்னிப்பொன்று எனக்குண்டு.